கணுக்கால் நன்றாகத்தான் இருந்தது

எஸெல் ப்ராக்டர் கோபம் வந்தால் கத்தமாட்டான். சாப்பாட்டை நிறுத்திவிடுவான். அமெரிக்காவில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் அக்டோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அவன் அம்மா ஒடெஸ்ஸா மொச்சையும் பன்றிக்கறியும் சேர்த்து வேகவைத்து, சோள ரொட்டியோடு தட்டில் வைத்தாள். அவன் தட்டைக் கையால் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்னடா, கறி உப்பா?"

"இல்லம்மா."

"அப்ப யாரு என்ன சொன்னா?"

அடுப்புப் பக்கத்தில் அவன் அப்பா வைலி ஒரு பழந்துணியால் தன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். இரும்பு ஆலையில் நிலக்கரியைச் சுடுகிற கோக் உலையருகே வேலை பார்க்கிறவர். சனிக்கிழமை லீவு என்பதே அவருக்குக் கிடையாது. மகன் கார்வித் கல்லூரிக் கால்பந்து அணியில் மூன்றாவது வருஷமாக ஆடுகிறான். ஒரு ஆட்டம்கூட அவர் பார்த்ததில்லை. இந்தச் சனிக்கிழமைக்காக இன்னொருவனின் இரண்டு ராத்திரி ஷிஃப்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பகலை வாங்கி வைத்திருந்தார்.

"சனிக்கிழம நான் ஆடலப்பா," என்றான் எஸெல்.

துணி ஷூமேல் அப்படியே நின்றது.

நடந்தது இதுதான். அந்த வருஷம் அதுவரை கார்வித் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஆற்றங்கரை நெடுக எந்த முடிதிருத்தும் கடையிலும் இதே பேச்சு. முட்டை மாதிரி இருக்கிற அந்தத் தோல் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிராளிகள் நடுவே ஓடுவதுதான் எஸெலின் வேலை. முன்வரிசையில் முட்டி மோதி அவனுக்கு வழி திறந்துவிடுகிறவன் யானோஷ் ஃபெகெட்டே, ஹங்கேரிக்காரச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். கழுத்தும் தலையும் ஒரே அகலம். அவன் திறந்துவிட்ட சந்தில் எஸெல் நுழைந்துவிட்டால் பிறகு அவனைக் கோல் கோட்டுக்கு அப்பால்தான் பார்க்கமுடியும்.

எஸெல் அதுவரை எவ்வளவோ விழுங்கியிருந்தான். அணியில் அவன் ஒருவன்தான் கறுப்பன். வெளியூர் போனால் மற்றவர்களுக்கு ஓட்டல் அறை, அவனுக்கு அந்த ஊர்க் கறுப்பர் யார் வீட்டிலாவது ஒரு கட்டில். இண்டியானாவில் ஒரு ஓட்டலில் அவனைச் சமையல்கட்டில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அன்றைக்கு யானோஷ் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கே வந்துவிட்டான். "இங்கதான்டா சூடா கெடைக்குது," என்று உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து தின்றான். அதிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியவில்லை.

சனிக்கிழமை பழைய மாணவர்கள் எல்லாம் கூடுகிற நாள். ஆட வருவது ஜார்ஜியாவிலிருந்து டாலிவர் கல்லூரி. கறுப்பன் இறங்குகிற மைதானத்தில் தங்கள் பையன்கள் இறங்கமாட்டார்கள் என்று அவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் ஊரில் சொல்லியிருந்தால் அது அவர்கள் ஊர். இது கார்வித் மைதானம், கார்வித் புல், எஸெல் விழுந்து எழுந்து முட்டி தேய்ந்த மண். இதற்கும் அதையே சொன்னார்கள். கல்லூரிக்காரர்கள் சரி என்றார்கள்.

கோச் ப்ரென்னர் அந்த வியாழக்கிழமை மத்தியானம் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரு ப்ராக்டர். கால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு கோச்."

"போன வாரம் பலமா ஒரு அடி விழுந்துச்சே."

"அது நம்ம டீம் ஹென்ட்ரிக்ஸுக்கு விழுந்துச்சு. எனக்கில்ல."

"உனக்கும் விழுந்திருக்கலாம்ல?" ப்ரென்னர் மேஜைமேல் இருந்த விசிலை உருட்டிக்கொண்டே பேசினார். "கணுக்கால் சுளுக்குன்னு பேப்பர்காரங்ககிட்ட சொல்லியாச்சு. டாக்டர் ஒரு கட்டுப் போடுவாரு. நீ பெஞ்சில கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திரு. எந்திரிச்சா கொஞ்சம் நொண்டி நட, போதும். யாருக்கும் மானக்கேடு இல்ல."

"யாருக்கு கோச்?"

"என்ன?"

"யாருக்கு மானக்கேடு இல்ல?"

ப்ரென்னர் விசிலைக் கீழே வைத்தார். "ஒரு ஆட்டம்தான் தம்பி. அடுத்த வாரம் வழக்கம்போல நீதான்."

வீட்டில் இதையெல்லாம் எஸெல் மெதுவாக, ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். வைலி கேட்டுவிட்டுத் துணியை மடித்தார்.

"உக்காந்துட்டுப் போயேன்டா. அவங்க ஆட்டம், அவங்க சட்டம். படிப்பு முடியணும்ல."

"உக்காரச் சொன்னா உக்காருவேன்பா. நொண்டச் சொல்றாங்க."

"கொஞ்சம் நொண்டுனா என்ன? உலைகிட்ட நான் எத்தன தடவ நொண்டியிருக்கேன்."

"உங்களுக்கு நெஜமாவே சுட்டுச்சு. எனக்கு என்ன ஆச்சு?"

ஒடெஸ்ஸா தட்டை மறுபடி அவன் பக்கம் நகர்த்தினாள். "நல்லா இருக்குற காலை நொண்டியாக்குனா நெஜமாவே நொண்டியாப் போயிரும். கட்டுப் போடாத. ஆனா சோத்து மேல கோபப்படாத."

அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் யானோஷ் பள்ளத்துக்கு ஓடிவந்தான். ஆற்றை ஒட்டி, ஆலைப் புகைக்குக் கீழே எங்கள் கறுப்பு ஆட்கள் குடியிருக்கிற இடத்துக்குப் பள்ளம் என்றுதான் பெயர். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் அங்கே ஓடிவந்தால் ஏழெட்டு ஜன்னல் திறக்கும். யானோஷுக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

"முடிஞ்சுதுடா! எல்லாரும் ரூம்ல கூடியிருந்தோம். நான் எந்திரிச்சு நின்னு சொல்லிட்டேன். எஸெல் இல்லன்னா நான் இல்ல. நீங்க வேணா பதினோரு பொம்மைய நிறுத்தி ஆடிக்கோங்கன்னு சொன்னேன். ஒருத்தன்கூட எதுத்துப் பேசல. ஹென்ட்ரிக்ஸ் என் கையப் புடிச்சான். நாளைக்கு யாரும் எறங்கல."

"ப்ரென்னருக்குத் தெரியுமா?"

"காலைல தெரிஞ்சுக்குவான்."

"நெஜமாவாடா?"

"என்னைப் பாத்துக் கேக்குறியே!"

எஸெல் அவனைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்க முயன்றான். முடியவில்லை, இருவரும் வாசலிலேயே விழுந்தார்கள். ஒடெஸ்ஸா வெள்ளிக்கிழமை மீன் பொரித்திருந்தாள். யானோஷ் ஐந்து துண்டு தின்றான். எஸெல் அவனைவிடக் கூடத் தின்றான்.

சனிக்கிழமை மத்தியானம் வைலி தன் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டார். ஒடெஸ்ஸா தேவாலயத்துத் தொப்பியை வைத்துக்கொண்டாள். எஸெலும் சூட்டு போட்டு, டை கட்டி, ஞாயிற்றுக்கிழமை ஷூவை மாட்டிக்கொண்டான்.

"ஆட்டமே இல்லன்னா எதுக்குப் போறோம்?" என்றார் வைலி.

"வெறும் மைதானத்தப் பாக்கப்பா. அதுக்காகவே போகணும்."

மூவரும் கோல் கம்பத்துப் பக்கத்துப் படிகளில் உட்கார்ந்தார்கள். கூட்டம் தேனீ மாதிரி மொய்த்தது. ரோமக் கோட்டுப் போட்ட பழைய மாணவர்கள் பாக்கெட் புட்டிகளை ஒருவருக்கொருவர் கைமாற்றினார்கள். பாண்டு வாத்தியம் சுற்றி வந்தது. டாலிவர் பையன்கள் இறங்கி ஓடினார்கள். கார்வித் பக்கத்து வாசல் காலியாகவே இருந்தது. எஸெல் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முழங்கால் தானாக ஆடியது. ஒடெஸ்ஸா அதன்மேல் கையை வைத்து அமுக்கினாள்.

அப்புறம் அந்த வாசலிலிருந்து கார்வித் அணி வந்தது. முழு அணியும் வந்தது. முன்னால் ஓடிவந்தவன் யானோஷ்.

தோல் தொப்பியைத் தாடைவரை இழுத்துக் கட்டியிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. ஹென்ட்ரிக்ஸ் அவனுக்குப் பின்னால். எஸெலின் இடத்தில் இரண்டாம் வருஷப் பையன் ஒருவன் குதித்துக் குதித்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தான். காலையில் ப்ரென்னர் ஒவ்வொருவனாகத் தனியே கூப்பிட்டுப் பேசியிருந்தார். யானோஷ் கல்லூரிக் கொதிகலன் அறையில் கரி அள்ளித்தான் படித்தான். ஆட இறங்காவிட்டால் அந்த வேலை திங்கட்கிழமை இருக்காது என்று அவனிடம் சொல்லியிருந்தார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. தெரிந்திருந்தாலும் அந்த நிமிஷம் எஸெலுக்கு வலி ஒன்றும் குறைந்திருக்காது. ஜார்ஜியாக்காரனை அவனுக்குத் தெரியாது. ப்ரென்னரிடம் அவன் எதையும் எதிர்பார்த்ததில்லை. நேற்று ராத்திரி அம்மா கையால் மீன் தின்றுவிட்டுப் போனவன் கீழே நின்று கையைச் சொடக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

ஒலிபெருக்கி கரகரத்தது. அணிகளின் பெயரைப் படித்துவிட்டு அந்தக் குரல் சொன்னது: "கார்வித் ஓட்டக்காரர் எஸெல் ப்ராக்டர் கணுக்கால் சுளுக்கின் காரணமாக இன்று ஆடவில்லை. அவர் சீக்கிரம் குணமடைய வாழ்த்துகிறோம்."

கூட்டம் மரியாதையாகக் கை தட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் "அச்சச்சோ" என்றாள்.

எஸெல் எழுந்தான்.

"எஸெல்," என்றார் வைலி.

அவன் படிகளில் இறங்கினான். கம்பித் தடுப்பைத் தாண்டிக் குதித்தான். இரண்டு அணியும் வரிசை கட்டி நின்றிருந்தன. முதல் உதைக்காகப் பந்து நடுவில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். சூட்டும் டையும் போட்ட கறுப்பு ஆள் ஒருவன் ஓடிவந்து பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்ததைப் பார்த்து அவர் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

எஸெல் டாலிவர் பக்கமாக ஓடினான். முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நடு வரிசையில் இருந்த ஒருவன் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு பாய்ந்தான். எஸெல் இடது காலை ஊன்றி விலகினான், பாய்ந்தவன் புல்லைத் தழுவினான். இன்னொருவன் கோட்டைப் பிடித்தான். தோள் தையல் கிழிந்து கோட்டுக் கை ஒன்று அவனிடமே தங்கிவிட்டது. வழுக்குகிற ஷூ, ஒற்றைக் கை இல்லாத கோட்டு, பின்னால் பறக்கிற டை. கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு ஓவென்று கத்தியது. பல பேருக்கு இது ஏதோ விளையாட்டு என்றே நினைப்பு. கோல் கோட்டைத் தாண்டிக் கம்பத்தடியில் பந்தை வைத்துவிட்டு அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"இந்தக் கால்தான்!" என்று கத்தினான். கால்சட்டையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினான். "சுளுக்குன கால் இதுதான்! நல்லாப் பாருங்க! யாரு கண்ணு தெரியாதவன், வந்து தொட்டுப் பாரு!"

கோபம் வந்தால் கத்தாதவன் கத்தினான். அதன்பிறகு அந்தப் பக்கத்துப் படிகளில் சத்தம் அடங்கிவிட்டது. மேல் வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து நின்றிருந்தார். அது வைலி. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

போலீஸ்காரர்கள் இருவர் வந்து எஸெலைப் பிடித்தார்கள். கார்வித் பெஞ்சைக் கடந்து அவனை இழுத்துக்கொண்டு போகும்போது யானோஷ் ஓரடி முன்னால் வந்தான்.

"எஸெல், நான்..."

எஸெல் அவன் முகத்தில் துப்பியிருப்பான். வாய் காய்ந்துபோயிருந்தது.

கறுப்பன் இறங்கிய மைதானத்தில் இறங்கமாட்டோம் என்ற டாலிவர்க்காரர்கள் அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? கொஞ்ச நேரம் நின்று முணுமுணுத்தார்கள். டிக்கெட் விற்ற ஆட்டம். அதே புல்லில், எஸெல் ஓடின தடத்திலேயே ஆடினார்கள். கார்வித் ஜெயித்தது. அதுதான் எஸெலுக்கு உறைத்தது. தோற்றிருந்தால் ஒருவனாவது அவனை நினைத்திருப்பான்.

திங்கட்கிழமை கல்லூரி டீன் அவனை நிற்கவைத்தே பேசினார். அணியிலிருந்து நீக்கம். படிக்கலாம், படிப்புச் செலவுக்காகச் சாப்பாட்டுக்கூடத்தில் அவன் பாத்திரம் கழுவுகிற வேலை தொடரலாம், அது கல்லூரியின் பெருந்தன்மை. "கெஸ்ட்டை அவமானப்படுத்திட்டீங்க ப்ராக்டர்," என்றார். எஸெல் "சரி சார்" என்றுகூடச் சொல்லாமல் வெளியே வந்தான்.

அடுத்த ஆட்டத்தில் கார்வித் படுதோல்வி அடைந்தது. அந்த இரண்டாம் வருஷப் பையனைத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம்: ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற மார்லோ கல்லூரியோடு. அதில் தோற்றால் மற்றவற்றில் ஜெயித்ததையெல்லாம் ஊர் மறந்துவிடும். அந்த வாரம் ப்ரென்னரின் கார் பள்ளத்தில் வந்து நின்றது. ஒடெஸ்ஸா கதவைத் திறந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"டீனோட பேசிட்டேன் ப்ராக்டர்," என்றார் அவர் வாசலில் நின்றபடி. "நடந்தத மறந்துருவோம். நாளைக்குப் பயிற்சிக்கு வா."

"வர்றேன் கோச். ஒண்ணே ஒண்ணு. ஆட்டத்துக்கு முன்னாடி அதே ஒலிபெருக்கில சொல்லணும். எனக்குச் சுளுக்கே இல்ல, பொய் சொன்னோம்னு."

"அது எப்படிப்பா முடியும்?"

"பொய்ய ஊருக்கே சொல்ல முடிஞ்சுதுல்ல?"

"கல்லூரி பேரு கெட்டுப்போயிரும்."

"அப்ப போயிட்டு வாங்க."

ப்ரென்னர் ஒடெஸ்ஸாவைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கம்மா. பையன் வாழ்க்கையக் கெடுத்துக்கறான்."

"நீங்க கேட்டத அவன் குடுக்கல. அவன் கேட்டத நீங்க குடுக்கல. கணக்கு சரியாத்தானே இருக்கு?" என்று ஒடெஸ்ஸா கதவைச் சாத்தினாள்.

மார்லோவிடமும் தோற்றார்கள். பழி எஸெல்மேல் விழுந்தது. ஆலையில் வைலியின் மேஸ்திரி, கார்வித் ஆட்டம் ஒன்று விடாமல் பார்க்கிறவன், எல்லார் முன்னாலும் கேட்டான்: "ஏன் வைலி, ஒம் பையன் கொஞ்சம் எறங்கி வந்திருக்கலாம்ல?"

உட்கார்ந்துவிட்டுப் போயேன் என்று மகனிடம் சொன்ன அதே வைலி, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "நாங்க இருக்குறதே பள்ளத்துல சார். இதுக்கும் கீழ எங்க எறங்குறது?"

அந்த மாதம் முழுக்க அவரை உலை வாய்க்கு நேராகவே நிறுத்தினார்கள். வீட்டில் அதைச் சொல்லவில்லை. கை மயிர் கருகி வந்ததைப் பார்த்து ஒடெஸ்ஸா தெரிந்துகொண்டாள்.

டிசம்பரில், பனி விழ ஆரம்பித்த பிறகு, யானோஷ் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு வந்தான். நீராவிக்கு நடுவே நின்றான். எஸெல் தட்டைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"வேலைய எடுத்துருவேன்னான்டா. படிப்பு போயிருந்தா நானும் சுரங்கத்துக்குள்ளதான். எங்கப்பாவோட இருமல நீ கேட்டிருக்க."

"கேட்டிருக்கேன்."

"ஹென்ட்ரிக்ஸும்தான் ஆடுனான். எல்லாரும்தான் ஆடுனாங்க. என்கிட்ட மட்டும் பேசமாட்டேங்குற."

எஸெல் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தான். "ஹென்ட்ரிக்ஸ் எங்க வீட்டுக்கு வந்து, நாளைக்கு எறங்கமாட்டேன்னு சொல்லல. நீ எந்திரிச்சு நிக்காமயே இருந்திருந்தா உன் மேல எனக்குக் கோபமே வந்திருக்காது யானோஷ். நின்னுட்டு உக்காந்த பாரு. காலைல ஓடி வந்து, முடியலடான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். எங்கப்பாவ நான் கூட்டிட்டுப் போயிருக்கமாட்டேன்."

யானோஷ் அழுதான். எஸெல் அடுத்த தட்டை எடுத்தான்.

எஸெல் வேதியியலில் நல்ல மதிப்பெண்ணோடு பட்டம் வாங்கினான். ஆலைச் சோதனைக்கூடத்தில் கேட்டபோது துடைப்பம் பிடிக்கிற வேலை இருக்கிறது என்றார்கள். போர் வந்தது, கறுப்பர்களுக்கென்று தனியாக வைத்திருந்த படையில் இத்தாலிக்குப் போய்த் திரும்பினான். கிளீவ்லாந்தில் ஒரு பள்ளியில் ஆசிரியர் ஆனான். இனி அவரை "அவர்" என்றுதான் சொல்லவேண்டும். மாணவர்கள் அவர் வகுப்பில் மூச்சு விடவும் யோசிப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பந்தாட்டத்துக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி நாலைந்து முறை கேட்டார்கள். மறுத்துவிட்டார். லொரீன் என்ற நர்ஸைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் தக்காளி போட்டார்.

இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு ஆகஸ்டு ஞாயிற்றுக்கிழமை யானோஷ் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றார். தலை வழுக்கை, வயிறு பெருத்து, கார்வித்தில் காப்பீட்டு ஏஜெண்ட். முப்பத்தெட்டாம் வருஷத்து அணியைக் கல்லூரி கூப்பிட்டுக் கௌரவிக்கப் போகிறதாம். கையோடு அழைத்துப்போக வந்திருந்தார். லொரீன் காபி போட்டாள். எஸெல் தக்காளியைப் பற்றிப் பேசினார். பூச்சியைப் பற்றி, மழையைப் பற்றி, வைலி இறந்துபோனதைப் பற்றிப் பேசினார். யானோஷின் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். இருவரும் ஒருமுறை சிரிக்கவும் செய்தார்கள்.

"எஸெல்," என்று யானோஷ் கோப்பையைக் கீழே வைத்தார். "அன்னிக்கு நடந்தது..."

எஸெல் எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"காபி முடிஞ்சிருச்சுல்ல? இருட்டுறதுக்குள்ள கெளம்பு. ரோடு சரியில்ல."

கார் திரும்பித் தெருமுனையில் மறைகிறவரை அவர் நின்றார். அப்புறம் சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். லொரீன் பின்னாலேயே வந்தாள்.

"பாவம், எவ்வளவு தூரத்திலேருந்து வந்தாரு. இன்னுமாங்க உங்களுக்குக் கோபம்?"

"இன்னும்தான்."

சாய்ந்திருந்த தக்காளிச் செடியை நிமிர்த்திக் குச்சியோடு சேர்த்துக் கட்டப் பார்த்தார். முடிச்சு விழவில்லை. லொரீன் கயிற்றை வாங்கிக்கொண்டாள். அவர் செடியைப் பிடித்துக்கொண்டார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.